நாற்காலியில் சுழன்ற பூமி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

வீட்டிற்கு நிலைவாசல் எப்படியோ, நாடகத்திற்கு முதற்காட்சி அப்படி. உள்ளே இருக்கும் கூடத்தின் அகலத்தையும் அறைகளின் அமைப்பையும் நிலைவாசலில் நின்றபடியே ஓரளவு கணித்துவிடலாம். உலகப் புகழ்பெற்ற நாடகாசிரியர்கள் பலரும் இந்த நிலைவாசலைப் பெரிதாகவே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சேக்சுபியரின் ‘மாக்பெத்’ இடியோடும் மின்னலோடும் மூன்று சூனியக்காரிகளோடும் தொடங்குகிறது. அவருடைய ‘ஹாம்லெட்’ நள்ளிரவுக் குளிரில் கோட்டைக் காவலர்களின் அச்சத்தோடு தொடங்குகிறது. சோபாக்ளீசின் ‘ஈடிப்பஸ் மன்னன்’ நாடகத்தில் துயரால் வாடும் நகரத்து மக்கள் அரண்மனை வாசலில் வந்து நிற்கிறார்கள்.

பெர்டோல்ட் பிரெக்ட் எழுதிய ‘கலிலியோவின் வாழ்க்கை’ எப்படித் தொடங்குகிறது? ஒரு மனிதர் காலையில் எழுந்து உடம்பு கழுவிக்கொண்டிருக்கிறார். ஒரு சிறுவன் பாலும் ரொட்டியும் கொண்டுவந்து வைக்கிறான். வைத்துவிட்டு, பால்காரனுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று நினைவூட்டுகிறான். அவ்வளவுதான். இடியும் இல்லை, மின்னலும் இல்லை. மன்னனும் இல்லை, மணிமுடியும் இல்லை. உலகத்தின் இருப்பிடத்தையே மாற்றிவைத்த ஒரு சிந்தனையைப் பற்றிய நாடகம், ஒரு வீட்டின் பால் பாக்கியில் தொடங்குகிறது.

ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட இந்நாடகத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். முதற்காட்சியை முடித்ததும் அடுத்த காட்சிக்குப் போக மனம் வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து அதையே படித்தேன். நாடகம் முழுவதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் முதற்காட்சி என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்பதை ஓர் இயற்பியல் மாணவனின் இடத்தில் நின்று விளக்க முயல்கிறேன்.

நாடகம் பிறந்த கதை

பிரெக்ட் 1898ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்னும் நகரில் பிறந்தார். இளமையில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சிலகாலம் மருத்துவம் பயின்றார். 1933ஆம் ஆண்டு இட்லர் ஆட்சிக்கு வந்ததும் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். டென்மார்க்கில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தபோது, 1938ஆம் ஆண்டு, இந்நாடகத்தின் முதல் வடிவத்தை எழுதினார். 1943ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் அது முதன்முதலாக அரங்கேறியது.

பிறகு அவர் அமெரிக்காவில் இருந்தபோது சார்லஸ் லாட்டன் என்னும் நடிகருடன் சேர்ந்து நாடகத்தை ஆங்கிலத்தில் புதிதாக அமைத்தார். அந்த வடிவம் 1947ஆம் ஆண்டு மேடையேறியது. இடையில், 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், ஹிரோஷிமா நகரின் மீது அணுகுண்டு விழுந்தது. அறிவியலைப் பற்றிய பிரெக்டின் எண்ணத்தை அந்த ஒருநாள் மாற்றியது. நாடகத்தின் பிற்பகுதியை அவர் மாற்றி எழுதினார். 1956ஆம் ஆண்டு மறையும்வரை இந்நாடகம் அவர் கையைவிட்டு இறங்கவில்லை. ஆனால் விடியற்காலையில் ஒரு சிறுவனுக்குப் பாடம் சொல்லும் அந்தத் தொடக்கம் மட்டும் நிலைத்து நின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்நாடகத்தின் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால், அக்காட்சியில் என்ன நடக்கப்போகிறது என்பதைச் சில வரிகள் முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. தெருக்கூத்தில் கட்டியக்காரன் வந்து கதையைச் சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. கதை தெரிந்த பிறகு, ‘என்ன நடக்கும்?’ என்ற பதைப்பு போய்விடுகிறது. ‘ஏன் நடக்கிறது?’ என்று யோசிக்க இடம் கிடைக்கிறது. பிரெக்ட் விரும்பியதும் அதுவே.

விடியற்காலை

காட்சி நடக்கும் இடம் இத்தாலியின் பாதுவா நகரம். ஆண்டு 1609. கலிலியோ அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். 1592 முதல் 1610 வரை அவர் அங்கே பணியாற்றியது வரலாறு. நாடகம் நமக்குக் காட்டுவது அவருடைய வகுப்பறையை அன்று, வசதியில்லாத அவருடைய படிப்பறையை. சிறுவனின் பெயர் ஆந்திரியா. அவன் வீட்டு வேலை செய்யும் சார்த்தி அம்மாளின் மகன். வயது இன்னும் பதினொன்று ஆகவில்லை. இவ்விருவரும் நாடகாசிரியரின் கற்பனைப் படைப்புகள்.

அறையில் மரத்தால் செய்த ஒரு பழைய வான மாதிரி இருக்கிறது. நடுவே பூமி. அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். அவற்றில் நிலவும் சூரியனும் கோள்களும் விண்மீன்களும் பதிந்திருக்கின்றன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி வகுத்த முறை அது. ஆந்திரியா அதைப் பார்க்கிறான். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்மை இப்படி அடைத்துவைத்திருக்கிறதே என்ற பொருளில் ஏதோ சொல்கிறான். கலிலியோவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த மாதிரியை முதன்முதலில் பார்த்தபோது தமக்கும் அவ்வாறே தோன்றியதாகக் கூறுகிறார். பல்கலைக்கழகப் பேராசிரியரும் வேலைக்காரப் பெண்மணியின் மகனும் ஒரே உணர்ச்சியில் சந்திக்கும் இடம் இது. இருவருக்கும் மூச்சு முட்டுகிறது.

இரண்டு கட்டட வேலையாட்கள்

இதைத் தொடர்ந்து கலிலியோ நீண்ட உரை ஒன்றை நிகழ்த்துகிறார். பழைய காலம் முடிந்தது, புதிய காலம் பிறந்தது என்பது அதன் சாரம். கரையை ஒட்டியே ஊர்ந்த கப்பல்கள் ஒருநாள் கரையை விட்டுக் கடலுக்குள் புறப்பட்டுவிட்டன என்கிறார். எல்லாவற்றிலும் ஐயம் எழத் தொடங்கிவிட்டது என்கிறார்.

இந்தப் பெரிய மாற்றத்துக்கு அவர் காட்டும் சான்று யாருடையது தெரியுமா? அரிஸ்டாட்டிலுடையது அன்று. கோப்பர்னிக்கசுடையதும் அன்று. இளைஞராக இருந்தபோது சியன்னா நகரில் தாம் பார்த்த இரண்டு கட்டட வேலையாட்களைப் பற்றிச் சொல்கிறார். கருங்கல் பாளங்களை நகர்த்துவதற்கு ஆயிரம் ஆண்டுகளாக ஒரு முறை இருந்துவந்தது. அந்த இருவரும் ஐந்து நிமிடம் தங்களுக்குள் வாதாடினார்கள். கயிறுகளை வேறுவிதமாகக் கட்டினார்கள். பழைய முறை அத்துடன் போய்விட்டது. புதிய காலம் வந்துவிட்டது என்று அப்போதுதான் தமக்குப் புரிந்ததாகக் கலிலியோ சொல்கிறார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் தந்தையார் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். அவர் சாரத்தின் மீது நின்று தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவரின் நேர் பார்ப்பார். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூலைகளுக்கும் ஒரே மட்டம் குறிப்பார். மூன்றடி, நான்கடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்து மூலைமட்டம் பிடிப்பார். ஈர்ப்பு விசையின் திசையும், திரவம் தன் மட்டத்தைத் தானே தேடும் பண்பும், செங்கோண முக்கோணத் தேற்றமும் அந்தக் கைகளில் அன்றாடம் புழங்குகின்றன. ஆனால் ‘படித்தவன்’ என்ற சொல் எங்கள் வீட்டில் எனக்குத்தான் வழங்குகிறது, அவருக்கு வழங்குவதில்லை. கயிற்றை மாற்றிக் கட்டிய இரண்டு உழைப்பாளிகளை அறிவியலின் வாசலில் நிறுத்திவைத்த பிரெக்டுக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

வானியல் சந்தைகளில் பேசப்படும் காலம் வரும், மீன் விற்கும் பெண்களின் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவருவார்கள் என்றும் கலிலியோ அதே உரையில் நம்பிக்கையோடு கூறுகிறார். இது நாடகாசிரியர் வலிந்து புகுத்திய கருத்து அன்று. வரலாற்றுக் கலிலியோ, கற்றவர்களின் மொழியாகிய லத்தீனில் எழுத வல்லவர். 1610ஆம் ஆண்டு தம் தொலைநோக்கிக் கண்டுபிடிப்புகளை லத்தீனில்தான் வெளியிட்டார். ஆனால் 1613ஆம் ஆண்டு வெளிவந்த சூரியப் புள்ளிகள் பற்றிய நூலையும், 1632ஆம் ஆண்டு வெளிவந்த இரு உலக முறைகள் பற்றிய உரையாடலையும் மக்கள் பேசிய இத்தாலிய மொழியிலேயே எழுதினார். பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாதவர்களுக்கும் கண்ணும் மூளையும் உண்டு என்பது அவர் கருத்து. தாய்மொழியில் அறிவியல் வேண்டும் என்று இன்று நாம் வேண்டுவதை, அவர் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டினார்.

நாற்காலிப் பாடம்

இப்போது காட்சியின் நடுப்பகுதிக்கு வருவோம். சூரியன் காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறோரிடத்திலும் இருப்பதை என் கண்ணாலேயே பார்க்கிறேனே, அது நிற்கிறது என்றால் எப்படி நம்புவது என்று ஆந்திரியா கேட்கிறான். நீ பார்க்கவில்லை, வெறுமனே விழிக்கிறாய் என்கிற பொருளில் கலிலியோ அவனைக் கடிந்துகொள்கிறார். உடனே முகம் கழுவும் பாத்திரம் வைக்கும் இரும்புத் தாங்கியை அறையின் நடுவே இழுத்து வைக்கிறார். அதுதான் சூரியன். ஆந்திரியாவை ஒரு நாற்காலியில் உட்கார வைக்கிறார். சூரியன் எந்தப் பக்கம்? இடப்பக்கம். அது வலப்பக்கம் வரவேண்டுமானால்? தாங்கியைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கவேண்டும் என்கிறான் சிறுவன். வேறு வழியே இல்லையா என்று கேட்டுக்கொண்டே, கலிலியோ அவனை நாற்காலியோடு தூக்கி அரைச்சுற்றுத் திருப்பிவிடுகிறார். இப்போது சூரியன் வலப்பக்கம். ஆனால் தாங்கி அசையவே இல்லை!

எவ்வளவு எளிய ஆய்வு! கருவி எதுவும் விலைக்கு வாங்கவில்லை. ஒரு தாங்கி, ஒரு நாற்காலி, ஒரு சிறுவன். சார்பியக்கம் என்று நாம் பாடநூலில் படிக்கும் கருத்து முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது. நகர்வது பொருளா, பார்ப்பவனா என்பதைக் கண் மட்டும் தீர்மானிக்க இயலாது. ஓடும் தொடர்வண்டியின் சன்னலோரத்தில் இருப்பவனுக்குத் தந்திக் கம்பங்கள் பின்னோக்கி ஓடுகின்றன. நம் நாட்டு ஆரியபட்டர் கி.பி. 499ஆம் ஆண்டிலேயே இதைக் கூறிவிட்டார். படகில் செல்பவனுக்குக் கரையில் நிற்கும் பொருள்கள் பின்னோக்கிச் செல்வதுபோல் தோன்றுவதைச் சுட்டிக்காட்டி, விண்மீன்களின் ஓட்டத்தை அவர் விளக்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

சிறுவனின் மறுப்பு

ஆனால் காட்சியின் உண்மையான சிறப்பு இதற்குப் பிறகு வருகிறது. ஆந்திரியா தலையாட்டிவிட்டுப் போகும் பிள்ளை அல்லன். என்னைப் பக்கவாட்டில்தான் திருப்பினீர்கள், பூமி சுழன்றால் இரவில் நான் தலைகீழாகத் தொங்க வேண்டுமே என்று கேட்கிறான். கலிலியோ ஓர் ஆப்பிளை எடுத்து, அதில் ஒரு மரச் சிராயைக் குத்தி நிறுத்தி, சுழற்றிக் காட்டுகிறார். சிராய்க்கு அடி எப்போதும் ஆப்பிளின் பக்கமே இருக்கிறது. தலை எப்போதும் வெளியேதான் இருக்கிறது. இதற்கும் சிறுவன் முழுதாக ஒப்பவில்லை. கெட்டிக்காரராக இருந்தால் எடுத்துக்காட்டை வைத்து எதையும் மெய்ப்பித்துவிடலாம் என்கிறான். என் அம்மாவை இப்படி நாற்காலியோடு தூக்கிச் சுற்ற முடியுமா என்றும் கேட்கிறான்.

படிப்பவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடக்கூடிய இடம் இது. ஓர் இயற்பியல் மாணவன் போகக்கூடாது. ஏனென்றால் ஆந்திரியா சொல்வது முற்றிலும் சரி! நாற்காலிப் பாடம் பூமி சுழல்கிறது என்பதை மெய்ப்பிக்கவில்லை. பூமி சுழன்றாலும் வானம் சுழன்றாலும் நம் கண்ணுக்குத் தெரியும் காட்சி ஒன்றுதான் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. கண்ணை மட்டும் நம்பி, பூமி நிற்கிறது என்று முடிவுகட்ட முடியாது. அதே கண்ணை மட்டும் நம்பி, பூமி சுழல்கிறது என்றும் முடிவுகட்ட முடியாது. நாற்காலிப் பாடம் கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே. உள்ளே நுழைய வேறு சான்றுகள் வேண்டும்.

கலிலியோவும் இதை அறிந்தவர். நாம் பேசிக்கொண்டிருப்பது இன்னும் மெய்ப்பிக்கப்படாத கருதுகோள்தான் என்று அவரே சிறுவனிடம் சொல்கிறார். கோப்பர்னிக்கஸ் தம் நூலை வெளியிட்ட 1543ஆம் ஆண்டிலிருந்து 66 ஆண்டுகள் கழிந்தபின்னும் நிலைமை அதுதான். நேரடிச் சான்றுகள் மிகவும் பிந்தியே வந்தன. பூமி ஓடுவதால் விண்மீன் ஒளியின் திசை சிறிது சாய்ந்து தெரிவதை ஜேம்ஸ் பிராட்லி 1728ஆம் ஆண்டு கண்டறிந்தார். பூமியின் ஆண்டு ஓட்டத்தால் ஒரு விண்மீனின் இடம் மாறித் தோன்றுவதைப் பெசல் 1838ஆம் ஆண்டு அளந்து வெளியிட்டார். அந்த நாற்காலிக்கும் இந்த அளவீட்டுக்கும் இடையே 229 ஆண்டுகள்!

பூமி தன்னைத்தானே சுற்றுவதற்கான சான்று 1851ஆம் ஆண்டு கிடைத்தது. பாரிஸ் நகரின் பாந்தியன் மண்டபத்தில் லியோன் ஃபூக்கோ 67 மீட்டர் நீளமுள்ள கம்பியில் 28 கிலோகிராம் எடையுள்ள குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு ஊசலாட வைத்தார். அதன் ஆட்டத்தின் திசை மணிக்கு மணி மெல்லத் திரும்பிக்கொண்டே வந்தது. பாரிசில் மணிக்கு ஏறத்தாழ 11 பாகை. இதே ஊசலைச் சென்னையில் தொங்கவிட்டால் மணிக்கு ஏறத்தாழ 3.4 பாகை திரும்பும். பூமி நிலையாக நின்றால் இப்படித் திரும்பக் காரணமே இல்லை. யோசித்துப் பாருங்கள்: அது கம்பியில் கட்டிய ஒரு குண்டு. ஒவ்வொரு கொத்தனாரும் பையில் வைத்திருக்கும் தூக்குக்குண்டின் பெரிய அண்ணன்! உலகம் மூன்று நூற்றாண்டு வாதாடிய வழக்கில் கடைசிச் சாட்சியாக வந்து நின்றது அதுதான்.

பூமி சுழன்றால் நமக்கு ஏன் தெரியவில்லை என்று சிலர் கேட்கலாம். சென்னை இருக்கும் அட்சத்தில் நாம் மணிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறோம். சீராக ஓடும் தொடர்வண்டிக்குள் ஒரு பந்தை மேலே எறிந்தால் அது மீண்டும் கைக்கே வருகிறது, பின்பெட்டிக்குப் போய்விடுவதில்லை. பந்தும் கையும் வண்டியும் ஒரே வேகத்தில் செல்வதே காரணம். கலிலியோ 1632ஆம் ஆண்டு நூலில் கப்பலின் உள்ளறையை எடுத்துக்காட்டி இதையே விளக்கினார். கப்பல் நின்றாலும் சீராக ஓடினாலும், அறைக்குள் சொட்டும் நீரும் பறக்கும் பூச்சிகளும் ஒரேவிதமாகத்தான் நடந்துகொள்ளும். நாற்காலியில் தொடங்கிய பாடத்தின் அடுத்த படி அது.

சார்த்தி அம்மாளின் கணக்கு

பாடம் நடந்துகொண்டிருக்கும்போது சார்த்தி அம்மாள் உள்ளே வருகிறார். தம் பிள்ளையை நாற்காலியோடு தூக்கி வைத்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிடுகிறார். இப்படியே போனால் இரண்டும் இரண்டும் ஐந்து என்று சொல்லத் தொடங்கிவிடுவான் என்று குறைப்படுகிறார். பள்ளியில் போய் இதையெல்லாம் சொன்னால் பாதிரியார்கள் தம்மிடம் வந்து நிற்பார்களே என்று அஞ்சுகிறார். அந்த அச்சம் வீண் அச்சம் அன்று. ஒன்பதே ஆண்டுகளுக்கு முன், 1600ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜியோர்டானோ புரூனோ ரோம் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

இந்த அம்மையாரை அறியாமையின் வடிவம் என்று எண்ணிச் சிரிக்க என்னால் முடியவில்லை. அந்த வீட்டில் பால் கணக்கை நினைவில் வைத்திருப்பவர் அவர். புதிதாகப் பாடம் கேட்க வந்திருக்கும் பணக்கார இளைஞனைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது, அவன் தரும் பணத்தில்தான் பால்காரனுக்குக் கொடுக்க வேண்டும் என்று யோசிப்பவர் அவர். மளிகைக் கடைச் சிட்டையை மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும் தாய்மார்களுக்கு அவரை நன்றாகப் புரியும். பிள்ளை படிக்க வேண்டும். ஆனால் படித்ததனால் பிள்ளைக்குத் தீங்கு வந்துவிடக் கூடாது. இந்த இரண்டு எண்ணங்களுக்கும் நடுவில்தான் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் ஒவ்வொருவனின் தாயும் நிற்கிறாள். பின்னால் ஒரு காட்சியில் கொள்ளைநோய் பரவி எல்லாரும் நகரை விட்டு ஓடும்போது, கலிலியோவுக்குச் சமைத்துப்போட ஆளில்லையே என்று தங்கிவிடுபவரும் இதே சார்த்தி அம்மாள்தான்.

வந்திருக்கும் இளைஞனின் பெயர் லுடோவிக்கோ. செல்வக் குடும்பத்துப் பிள்ளை. அவனுக்குக் குதிரைகளின் மீதுதான் நாட்டம். அறிவியல் படிக்கச் சொன்னவள் அவன் தாய். ஆர்வம் இல்லாதவனுக்குப் பணம் கொடுத்துப் பாடம். ஆர்வம் உள்ளவனுக்குப் பால் கொண்டுவரும் நேரத்தில் இலவசப் பாடம். இரண்டு மாணவர்களை ஒரே அறையில் நிறுத்தி, ஒரு சொல்கூட விளக்கம் கூறாமல், பிரெக்ட் நம்மையே ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிறார்.

இரண்டு வில்லைகள்

லுடோவிக்கோ பேச்சோடு பேச்சாக, ஹாலந்தில் தான் பார்த்த ஒரு குழாயைப் பற்றிக் கூறுகிறான். தொலைவில் உள்ளவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் குழாய். கலிலியோ அதன் அமைப்பைக் கேட்டறிந்து, இரண்டு வில்லைகள் வாங்கிவர ஆந்திரியாவை அனுப்புகிறார். அதற்கான காசையும் கடனாகவே பெறுகிறார். யாரிடம்? சம்பளத்தை இரட்டிப்பாக்கும்படி தாம் கேட்ட வேண்டுகோளுக்கு இசையாமல் பேசிக்கொண்டிருக்கும் பல்கலைக்கழக அதிகாரியிடமே! பயன்படும் பொருள் ஏதாவது செய்துகொடுத்தால் பணம் வரும் என்பது அதிகாரியின் அறிவுரை. காட்சியின் முடிவில் வில்லைகள் வந்துவிடுகின்றன. ஆந்திரியா அவற்றின் வழியே பார்த்து, தொலைவிலுள்ள ஆலயமணியின் எழுத்துகளைப் படிக்கிறான். கலிலியோவின் மனமோ வரப்போகும் பணத்தைக் கணக்குப் போடுகிறது.

வரலாற்றிலும் இதன் சாயல் உண்டு. 1608ஆம் ஆண்டு ஹாலந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே என்னும் கண்ணாடி வினைஞர் தொலைநோக்கிக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். கலிலியோ செய்தி அறிந்து அதைவிடச் சிறந்த ஒன்றைத் தாமே உருவாக்கி, 1609ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெனிஸ் ஆட்சியாளர்களுக்குக் காட்டினார். அவருடைய ஊதியம் ஆண்டுக்கு 1,000 புளோரினாக உயர்த்தப்பட்டது. சில மாதங்களில், 1610ஆம் ஆண்டு ஜனவரியில், அவர் மேலும் திறன்மிக்க ஒரு தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பினார். அதைச் சுற்றும் நிலவுகளைக் கண்டார். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பழைய கொள்கையில் முதல் பெரும் விரிசல் விழுந்தது. அறிவியலும் அடுப்படியும், உண்மைத் தேடலும் ஊதியக் கவலையும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன! மேதைகள் காற்றைப் புசித்து வாழ்ந்தவர்கள் என்று எண்ணும் நமக்கு, இது நல்ல மருந்து.

தொடக்கம் முடிவைத் தாங்குகிறது

1633ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், விசாரணை மன்றத்தின் முன் கலிலியோ தம் கருத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். அந்தச் செய்தி வரும்போது நாடகத்தில் மிகவும் உடைந்துபோகிறவன் ஆந்திரியா. இப்போது அவன் இளைஞன், கலிலியோவின் உதவியாளன். அவனுடைய சினம் நமக்கு ஏன் இவ்வளவு நியாயமாகப் படுகிறது? விடியற்காலையில் அவன் நாற்காலியில் சுழன்றதை நாம் பார்த்திருக்கிறோம். உன் கண்ணையே நம்பாதே, சான்று கேள் என்று அவனுக்குக் கற்பித்தவர், அச்சத்துக்குப் பணிந்துவிட்டார். வேறு யாரோ பணிந்திருந்தால் அது செய்தி. ஆசிரியர் பணிந்தால் அது காயம்.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. காவலில் இருந்த முதிய கலிலியோ இரகசியமாக ஒரு நூலை எழுதி முடிக்கிறார். அதன் படியை அவர் ஒளித்துவைத்த இடம் ஒரு பூகோள உருண்டை. அதை எடுத்துக்கொண்டு எல்லையைக் கடப்பவன் ஆந்திரியா. இயக்கவியலுக்கு அடிப்படையான அந்நூல் 1638ஆம் ஆண்டு ஹாலந்தின் லெய்டன் நகரில் அச்சானது வரலாறு. பால் கொண்டுவந்த கைதான் நாடகத்தில் அதையும் கொண்டுபோகிறது. திருச்சபை தன் தரப்புத் தவற்றை ஒப்புக்கொள்ள 1992ஆம் ஆண்டுவரை ஆயிற்று. புத்தகம் அதுவரை காத்திருக்கவில்லை.

இப்போது முதற்காட்சியின் நோக்கம் விளங்குகிறது. உண்மையைக் காப்பாற்றப் பெரிய மனிதர்கள் மட்டும் போதாது என்று பிரெக்ட் சொல்கிறார். பெரிய மனிதர்கள் தளர்ந்துபோகலாம். அவர்கள் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்கள் வழியாகவே உண்மை எல்லை கடக்கிறது. ஆகவேதான் நாடகம் அரசவையில் தொடங்காமல், வேலைக்காரப் பெண்மணியின் மகன் கேட்கும் ஒரு கேள்வியில் தொடங்குகிறது.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது இன்று ஆரம்பப் பள்ளிப் பாடம். தேர்வில் அதை எழுதாதவர் இல்லை. ஆனால் தாலமியின் காலத்து மாணவனும் தன் பாடத்தை இதே உறுதியோடுதான் எழுதியிருப்பான். இருவருக்கும் உள்ள வேறுபாடு விடையில் மட்டும் இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டானா என்பதிலும் இருக்கிறது. கேட்டுவிட்டால், அடுத்த கடமை ஒன்று உண்டு. கேட்டுத் தெரிந்ததை நம் வீட்டுத் திண்ணைக்கும், சாரத்தின் மீது நிற்பவர்களுக்கும், சந்தையில் மீன் விற்பவர்களுக்கும் அவர்கள் மொழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவர்கள் கைகளில் ஏற்கெனவே இருக்கும் அறிவை நாம் மதித்துக் கற்றுக்கொள்வதும் அதில் சேரும். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு நாற்காலி போதும். சுழற்றிக் காட்ட மனமும், இந்த எடுத்துக்காட்டு சரியில்லையே என்று எதிரில் இருப்பவர் மறுத்தால் பொறுமையாகக் கேட்கும் காதும் இருந்தால்.